எட்டில் ஒன்று விடுபட்டால்...

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடங்களில் 440 மில்லியன் டாலருக்கும் மேல் இழந்தது. யாரும் ஊடுருவவில்லை. எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டிய புதிய நிரலை ஊழியர் ஏழில்தான் ஏற்றியிருந்தார். எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டது. 212 வாடிக்கையாளர் ஆணைகளுக்காக 4 மில்லியனுக்கும் மேற்பட்ட ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பியது.

இணையச் செயலி உருவாக்கும் இளையர்களிடம், “அதை சர்வரில் எப்படி ஏற்றுகிறீர்கள்?” என்று கேட்பேன். “உள்ளே போய் நானே மாற்றிவிடுவேன்” என்பார்கள் பலர்.

நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வேலையில், ஓர் இரவு சர்வரில் ஓர் அமைப்பைக் கையால் மாற்றினேன்; எங்கும் குறித்துவைக்கவில்லை. சில மாதங்களில் அந்த இயந்திரத்தை மாற்றியபோது இணையத்தளம் முடங்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்கள் குழுவுக்கு அரைநாள் ஆனது. செய்த எனக்கே அது மறந்துபோயிருந்தது.

இதற்குத்தான் பப்பெட், அன்சிபிள் போன்ற கருவிகள் உள்ளன. சர்வரில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதுகிறோம். கருவி ஒவ்வொரு சர்வரையும் அதனுடன் ஒப்பிட்டு, குறைவதை மட்டும் சரிசெய்கிறது. முறையாக எழுதிய கோப்பைப் பத்து முறை இயக்கினாலும் விளைவு ஒன்றே. அதை ‘கிட்’டில் வைத்தால், யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதும் பதிவாகும்.

“செயலி தினமும் மாறுகிறது, இதையெல்லாம் எழுத நேரமேது?” என்பது வழக்கமான கேள்வி. தினமும் மாறுவதால்தான் எழுத வேண்டும் என்பேன். ஒருமுறை செய்வதைக் கையால் செய்யலாம். வாரத்துக்குப் பத்து முறை செய்தால், என்றாவது ஒருநாள் கை தவறும்.

கருவி மட்டும் போதாது. தவறான ஒரு வரியை அது எல்லா சர்வர்களுக்கும் நொடியில் பரப்பிவிடும். அதனால் முதலில் சோதனை சர்வர், பிறகு ஒன்று, அதன் பிறகே மற்றவை. பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்பே எழுதி, ஒத்திகை பார்க்க வேண்டும். நைட் ஊழியர்கள் அன்று பதற்றத்தில், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். சிக்கல் மேலும் பெருகியது.

உங்கள் சர்வர் இன்றிரவு அழிந்துபோனால், நீங்கள் இல்லாமலேயே உங்கள் குழுவில் வேறொருவர் அதை நாளை காலை மீண்டும் அமைக்க முடியுமா? முடியாது என்றால், இன்றே எழுதத் தொடங்குங்கள்.