துப்பாக்கி வகுப்பு: அமெரிக்க மாநிலங்கள் கைவிடும் ஒரு நாள் பாடம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வெளியில் நடமாட விரும்புவோர் முன்பு ஒரு வகுப்புக்குச் சென்றாக வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரப் பாடம், எழுத்துத் தேர்வு, பிறகு சுடுதளத்தில் 50 தோட்டாக்கள். மூன்று, ஏழு, பதினைந்து கெஜத் தொலைவிலிருந்து சுட்டு 70 விழுக்காடு மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி.

2021 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் அந்தக் கட்டாயம் இல்லை. சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள் உரிமமோ வகுப்போ இல்லாமலேயே அதை எடுத்துச் செல்லலாம்.

அலாஸ்கா 2003லும் அரிசோனா 2010லும் இதே முடிவை எடுத்திருந்தன. ஃபுளோரிடா 2023லும் தென் கரோலினா, லூசியானா ஆகியவை 2024லும் சேர்ந்துகொண்டன. இன்று 50 மாநிலங்களில் குறைந்தது 29இல் இதுதான் நிலை.

எதிர்த்திசையில் செல்லும் மாநிலங்களும் உண்டு. துப்பாக்கி ஏந்தத் தனிக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழமையான விதியை 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், பின்னணிச் சோதனைக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கும் அது தடை போடவில்லை. உடனே நியூயார்க் புதுச் சட்டம் இயற்றி, 16 மணி நேர வகுப்பையும் இரண்டு மணி நேரச் சுடும் பயிற்சியையும் கட்டாயமாக்கியது. ஆனால், எல்லை தாண்டி அண்டை மாநிலமான வெர்மாண்ட்டுக்குச் சென்றால் ஒரு மணி நேரப் பயிற்சிகூடத் தேவையில்லை.

கட்டாயத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தற்காப்பு அரசியல் சாசன உரிமை என்றால், அதற்குக் கட்டணமும் விடுப்பும் எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். ஆபத்தான வட்டாரத்தில் இரவு வேலை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு, வகுப்புக் கட்டணமும் இழக்கும் ஒரு நாள் சம்பளமும் பெரிய சுமை. வசதி படைத்தவருக்கு அது சுமையே இல்லை.

ஆயினும், அந்த வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் பாடம் நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே கருத வேண்டும். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக்கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது தோட்டாவை அகற்றும் முறை. மேகசின் எனப்படும் தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்றே புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால், குழலின் பின்னறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கலாம். அந்த ஒன்றே தவறுதலாக உயிர் பறிக்கக்கூடும். முதலில் பெட்டியைக் கழற்றி, பிறகு மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் பெட்டியிலுள்ள அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

தேசிய சேவையாற்றிய சிங்கப்பூரர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஆனால், அவர்கள் ஆயுதத்தை முகாமில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அமெரிக்க வகுப்பில் தேறியவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கே போகிறார். உண்மையான ஆபத்து தொடங்கும் இடமும் அதுவே.

அமெரிக்காவில் 2023ல் துப்பாக்கியால் 46,700க்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர், அதாவது பாதிக்கும் மேற்பட்டோர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். தெருவில் எதிர்ப்படும் அந்நியனை நினைத்து வாங்கும் ஆயுதம், பெரும்பாலும் வாங்கியவரையோ அவருடைய குடும்பத்தாரையோதான் பலிகொள்கிறது.

வகுப்புகள் இதைப் பற்றி எவ்வளவு பேசுகின்றன? வடகிழக்கு மாநிலங்களில் நடந்த 20 பாதுகாப்பு வகுப்புகளை ஆய்வாளர்கள் நேரில் சென்று கவனித்தனர். 2017ல் வெளியான அந்த ஆய்வின்படி, தற்கொலைத் தடுப்பைப் பற்றி வாய்திறந்த பயிற்றுநர்கள் மிகச் சிலரே.

ஆகவே, மணிக்கணக்கை வைத்து நடக்கும் சண்டையில் இரு தரப்பும் பாதியைத்தான் பார்க்கின்றன. வகுப்பை நீக்கியவர்கள், துப்பாக்கி ஏந்தப் போகிறவரிடம் அறிவுரை சொல்லக் கிடைத்த கடைசி வாய்ப்பை விட்டுவிட்டார்கள். 16 மணி நேரம் என்று நிர்ணயித்துவிட்டு, சட்டத்துக்கும் குறிபார்ப்பதற்குமே அதைச் செலவிட்டாலும் பெரும்பாலான மரணங்களை அது தொடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் துப்பாக்கியைப் பூட்டிவைக்கச் சொல்லும் சட்டங்களால் இளையரின் தற்கொலைகளும் விபத்துகளும் குறைகின்றன என்பதற்குச் சான்று இருப்பதாக ராண்ட் ஆய்வு நிறுவனம் தொகுத்துச் சொல்கிறது. ஒரு பூட்டு, அதை எங்கே வைப்பது, மனம் தளர்ந்திருக்கும் நாள்களில் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லித் தர 16 மணி நேரம் தேவையில்லை. ஒரு மணி நேரம் போதும்.

இதற்கு நியூ ஹேம்ப்ஷியர் ஒரு முன்மாதிரி. 2009ல் அங்குள்ள ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர், ஒரு வாரத்துக்குள் அதனாலேயே உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன் பிறகு கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினர். வாங்க வருபவர் மனநெருக்கடியில் இருக்கிறாரா என்பதைக் கவனிக்கும் குறிப்புகளையும், வீட்டில் யாராவது துன்பத்தில் இருந்தால் ஆயுதத்தைச் சிறிது காலம் வெளியே வைக்கச் சொல்லும் சுவரொட்டிகளையும் தயாரித்தனர். அந்த முயற்சி பல மாநிலங்களுக்குப் பரவியது.

அதே நியூ ஹேம்ப்ஷியர்தான் 2017ல் உரிமக் கட்டாயத்தையும் நீக்கியது. துப்பாக்கி உரிமையை விட்டுக்கொடுக்காத ஊரிலும் உயிர்காக்கும் பேச்சைத் தொடங்க முடிந்திருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் துப்பாக்கி விற்பவர்களே இருந்தார்கள். வகுப்பு கட்டாயமா இல்லையா என்று மாநிலங்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, அதில் எதைச் சொல்லித் தர வேண்டும் என்ற கேள்வி இன்னும் காத்திருக்கிறது.