கல்வெட்டும் கரும்பலகையும்

மார்ச் மாதம் வந்துவிட்டால் சில அரசுப் பள்ளிகளுக்கு யோகம் அடிக்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டிய பணத்துடன் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். சின்னம் பொறித்த புத்தகப் பை, நோட்டு, பெஞ்சு, கம்ப்யூட்டர். பிறகு ரிப்பன் வெட்டு, குரூப் போட்டோ, சுவரில் ஒரு கல்வெட்டு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பதெல்லாம் பழைய பேச்சு. இப்போது கொடுத்தது ஆண்டறிக்கையில் வண்ணப் படத்துடன் வந்தாக வேண்டும்.

கொடுப்பவர் பெயர் போட்டுக் கொள்வதில் குற்றமில்லை. கோயில் ட்யூப் லைட்டிலேயே உபயதாரர் பெயர் எழுதும் நாடு இது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கல்வெட்டில் இருப்பதை அந்தப் பள்ளியின் பிள்ளைகளால் படிக்க முடிகிறதா?

எல்லாராலும் முடியவில்லை. கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்புத் திறனை 2005 முதல் அளந்து வரும் 'அசர்' அறிக்கை, 2023ல் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள், ஏறத்தாழ 35 ஆயிரம் பேர். இவர்களில் சுமார் 87 சதவீதம் பேர் ஏதோ ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ பெயர் பதிந்தவர்கள். ஆனால் கால்வாசிப் பேரால் தங்கள் மாநில மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலின்றிப் படிக்க முடியவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. அதை இயக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

14 வயதில் படிப்பை விட்டவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. 18 வயதில் அது 32 சதவீதத்தைத் தாண்டுகிறது. படிக்கத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்பை எட்டிய பையனுக்கு அங்கே யாரும் 'அ'னா 'ஆ'வன்னா சொல்லித் தருவதில்லை. ஆசிரியருக்குப் பாடத்திட்டத்தை முடிக்கிற அவசரம். பையன் சில காலம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்; பிறகு வருவதில்லை. அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சு ஏதாவது ஒரு கம்பெனி கொடுத்ததாக இருக்கலாம்.

பணத்துக்குக் குறைவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின் மூலம், தர்மத்தைக் கடமையாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி - இந்த மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கிறது. முதல் ஆண்டில் செலவான தொகை சுமார் 10 ஆயிரம் கோடி ரூபாய். 2022-23ல் அது ஏறத்தாழ 30 ஆயிரம் கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்குப் போனது. வேறெந்தத் துறைக்கும் இவ்வளவு கிடைக்கவில்லை.

தொழிலதிபர்கள் படிப்புக்குக் கொடுப்பது இந்தச் சட்டத்தால் வந்த பழக்கமல்ல. மேல்படிப்புக்கு வெளிநாடு செல்வோருக்காக ஜாம்ஷெட்ஜி டாடா நிதி ஏற்படுத்தியது 1892ல். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் டாடா உதவியில் லண்டன் சென்று படித்தவர். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பிலானியின் பிர்லா கழகம் என்று பட்டியல் நீளும். ஆனால் பழைய வள்ளல்களின் பெரிய கொடைகள் பெரும்பாலும் கல்லூரி வாசலில் போய் நின்றன. ஒன்றாம் வகுப்பு சர்க்காரின் பொறுப்பு என்று விடப்பட்டது. புதிய பணம் அந்த ஒன்றாம் வகுப்புக்கும் வருகிறது. வந்து, பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடுகிறது.

சுவரோடு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய அரசின் தணிக்கைத் துறையே ஒரு சாட்சியம் வைத்திருக்கிறது. எல்லாப் பள்ளியிலும், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஓராண்டுக்குள் கழிப்பறை என்று 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். பொதுத்துறை நிறுவனங்கள் களத்தில் இறங்கின. 1.4 லட்சம் கழிப்பறைகள் கட்டியதாகக் கணக்குக் காட்டின. தணிக்கையாளர்கள் 15 மாநிலங்களில் 2,695 கழிப்பறைகளை நேரில் பார்க்கச் சென்றார்கள். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவர்களின் அறிக்கை, சிலவற்றைக் காணவே இல்லை, சில அரைகுறையாக நின்றன என்றது. கட்டி முடிக்கப்பட்டவற்றில் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. 30 சதவீதம் பயன்பாட்டிலேயே இல்லை.

கட்டடம் ஒரு முறைச் செலவு. தண்ணீரும் துடைப்பமும் அவற்றைக் கையாளும் ஆளும் தினச் செலவு. ஒரு முறைச் செலவுக்குத்தான் திறப்பு விழா உண்டு. படிப்பும் தினச் செலவு வகையைச் சேர்ந்தது. லைப்ரரிக்கு அலமாரி வாங்கித் தர ஆள் கிடைக்கும். அதைத் தினமும் திறந்து பிள்ளைகளோடு உட்காரும் ஆளுக்குச் சம்பளம் தருவோர் அரிது. கம்ப்யூட்டர் அறை உண்டு, மின் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்ற கதையும் இப்படிப் பிறந்ததுதான்.

அப்படியானால் எதற்குக் கொடுப்பது? விடை இந்நாட்டிலேயே இருக்கிறது. 1995ல் மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய 'பிரதம்', பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'பால்சகி' என்ற தோழியரை அனுப்பியது. அதே வட்டாரத்தில் உயர்நிலைப் படிப்பு முடித்த இளம் பெண்கள். மாதம் சில நூறு ரூபாய் ஊதியம். மூன்று, நான்காம் வகுப்புகளில் எழுத்துக் கூட்டவே தடுமாறிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார்கள். மும்பையிலும் வடோதராவிலும் இதை ஆராய்ந்தவர்களில், பின்னர் 2019ல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் உண்டு. பிள்ளைகள் முன்னேறியது உறுதியானது. திட்டத்தை விட்டு வெளியேறிய பின் அந்தப் பலன் தேயத் தொடங்கியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஐசிஐசிஐயின் தலைவராக இருந்த நாராயணன் வாகுல் பிரதமுக்கும் தலைமை வகித்தவர். ஒரு வங்கியாளரால் செக் எழுதுவதற்கு மேலும் செய்ய முடியும் என்பதற்கு அவர் உதாரணம்.

பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கும் வழி இருந்தது. டாடா கன்சல்டன்சியின் எஃப்.சி. கோலி, 2000ஆம் ஆண்டில் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். எழுத்து எழுத்தாகக் கற்பிக்காமல், சொற்களைப் படத்துடனும் ஒலியுடனும் திரையில் காட்டும் பாடம். கம்பெனிகள் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களே போதும். சுமார் 40 மணி நேரத்தில் பத்திரிகை வாசிக்கும் அளவுக்குச் சொற்கள் பழகிவிடும் என்பது அவர் கணக்கு. முதலில் வாசிப்பு மட்டுமே. எழுத்தும் கணக்கும் பிறகு. தெலுங்கில் தொடங்கியது தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் வந்தது. இங்கே கம்பெனி கொடுத்தது தன் தொழில் அறிவை.

2024ல் இன்னொரு வகைக் கொடை வந்தது. கர்நாடக அரசுப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாள் கிடைத்த முட்டையை ஆறு நாளும் தருவதற்கு அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றாண்டுகளுக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. இது சட்டம் கேட்ட 2 சதவீதம் அல்ல. பிரேம்ஜி தன் விப்ரோ பங்குகளை எழுதி வைத்து உருவான நிதி. முட்டையில் பெயர் பொறிக்க முடியாது. அன்று மதியமே அது தீர்ந்து, மறுநாள் மறுபடி வேண்டும். பள்ளிக்கூடம் கேட்கிற கொடை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பங்குதாரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். 500 பெஞ்சு என்றால் எண்ணிக் காட்டலாம், 500 பேர் படிக்கக் கற்றதை எப்படிக் காட்டுவது? செலவாகாத பணத்தை 2021 முதல் அரசு நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றியாக வேண்டும் என்பதால் அவசரம். தொடர் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்றாண்டுகள்தான். ஒரு குழந்தையின் பள்ளிக் காலமோ பன்னிரண்டு ஆண்டுகள். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. அதனால் ஆலைகள் நிறைந்த மகாராஷ்டிரம் முதலிடத்தில் நிற்க, ஆலைகள் குறைந்த பீகார் வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது. பணம் தேவையைத் தேடிப் போகவில்லை. தொழிற்சாலைப் புகைபோக்கியின் நிழலிலேயே தங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கல்விக்குக் கம்பெனிகள் தரும் 10 ஆயிரம் கோடி, 2022-23ல் மத்தியக் கல்வி அமைச்சகத்துக்கு மட்டும் ஒதுக்கிய 1.04 லட்சம் கோடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாநிலங்களின் செலவு இதற்கு மேல். இந்தப் பணத்தை நம்பி அரசு கைகழுவ முடியாது. ஆனால் அரசின் பெரும் பணத்தால் செய்ய முடியாத ஒன்றைச் சிறு பணம் செய்யலாம்: ஒன்பதாம் வகுப்பில் திக்கித் திணறும் பையனை, பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு, ஆறு மாதம் வாசிக்கப் பழக்கும் ஓர் ஆளை நியமிப்பது.

அந்த ஆளின் சம்பளச் சீட்டைக் கல்லில் பொறிக்க முடியாது. ஆனால் கல்வெட்டுகளைப் படிக்க நாலு பேர் கூடுதலாகக் கிடைப்பார்கள்.