அலைக்குச் சாதி தெரியாது, பட்டியலுக்குத் தெரியும்

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. நம்ம ஊர் நேரப்படி காலை 11 மணி 16 நிமிடத்துக்கு ஜப்பானில் பூமி ஆடியது. அன்று சாயங்காலம் போடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கார், படகு, வீடு எல்லாம் கறுப்புத் தண்ணீரோடு வயலுக்குள் உருண்டு வந்தன. ஏலத்தோட்ட வேலை முடிந்து போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கிய அக்கா ஒருவர், கையில் தூக்குவாளியோடு எங்கள் பக்கத்தில் நின்றார். "அம்புட்டுத் தண்ணி வருதே, அங்க கூலிக்குப் போன சனத்தை யாரு தம்பி தேடுவா?" என்று கேட்டார்.

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் முந்திக்கொண்டார்: "இயற்கைக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதாம்மா. சாதியாவது, மதமாவது."

ஒவ்வொரு மார்ச் 11 அன்றும் பெரியவர் சொன்ன அந்த வாக்கியம் முகநூலில் மெழுகுவர்த்திப் படத்தோடு திரும்பி வருகிறது. அக்காவின் கேள்வி மட்டும் வருவதே இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஜப்பான். புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் கடல் அலை 5.7 மீட்டருக்கு மேல் வராது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வந்தது சுமார் 14 மீட்டர். மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்க வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றைத் தரைக்குக் கீழே வைத்திருந்தார்கள். அவை மூழ்கின. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்களின் கூரை பறந்தது. 20 கிலோமீட்டர் சுற்றளவு காலி செய்யப்பட்டது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். 2012இல் ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், இது மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்று தெளிவாக எழுதியது. ஆக, "இயற்கைக்கு முன்னால" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அந்த நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் யார்? விபத்துக்கு முந்தைய ஆண்டில் அங்கே வேலை செய்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் 89 விழுக்காட்டினர் ஒப்பந்தத் தொழிலாளிகள். கம்பெனிக்குக் கீழே ஒரு ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே இன்னொருவர், கடைசியில் ஆள் பிடிக்கும் ஏஜெண்டு. கதிர்வீச்சு அதிகமான இடத்தைத் துடைப்பது, கழுவுவது எல்லாம் அந்தக் கடைசி ஆளின் வேலை. ஊர் ஊராக உலைக்கு உலை அலையும் இவர்களை ஜப்பானில் 'அணு உலை நாடோடிகள்' என்றே அழைத்தார்கள். ஒசாகா நகரின் கமகசாகி என்ற தினக்கூலிப் பேட்டையிலிருந்து, வேறு ஊரில் லாரி ஓட்டும் வேலை என்று சொல்லி அழைத்துப்போன ஒருவரைப் புகுஷிமாவில் இறக்கிவிட்டார்கள். தொழிலின் பெயரால் தலைமுறை தலைமுறையாகத் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புராக்குமின் மக்கள் அந்த நாட்டில் உண்டு. இப்படிப்பட்ட பேட்டைகளில் பிழைக்க வந்து சேர்ந்தவர்களில் அவர்களும் உண்டு. விடியற்காலையில் கங்காணி தலையை எண்ணி ஜீப்பில் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் எதுவும் புதிதில்லை.

ஜப்பானைக் குறை சொல்வது எளிது. நம் கடற்கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் இழந்தவர்கள் மீனவ மக்கள். அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நிவாரணப் பட்டியல் எப்படிப் போடப்பட்டது? படகு போனதா, வலை போனதா, வீடு போனதா என்று கேட்டார்கள். கடற்கரையை ஒட்டிய சேரிகளில் இருந்தவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. மீன் சுமந்தும், உப்பளத்தில் நின்றும், வயலில் நட்டும் கூலி வாங்கியவர்கள் அவர்கள். வயலில் உப்பு ஏறிவிட்டது. நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈட்டுக்குக் கணக்கு இருந்தது. அந்த நிலத்தில் நட்டவளின் நாள்கூலிக்குக் கணக்கே இல்லை. "நீங்கள் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் வரவில்லை" என்ற பதிலோடு திரும்பினார்கள். சில முகாம்களில் தலித் குடும்பங்கள் தனியாக ஒதுக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டியைத் தொடவிடாமல் தடுக்கப்பட்டதும் அப்போதே பதிவானவை.

அழுகிய உடல்களை எடுத்தது யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரியில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகள். பெரும்பாலும் அருந்ததியர். சோறு வாங்கும் பட்டியலில் இல்லாத சாதி, பிணம் தூக்கும் பட்டியலில் முதலில் இருந்தது.

அதே நாளில் கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. நிறுத்த முடியாமல் போகும் நாளில் யாரை, எந்த வண்டியில், எந்த வரிசையில் ஏற்றுவீர்கள்?

புகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் கேட்டதும் இதைத்தான். நம் விதிப்படி அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்டப் பகுதி 16 கிலோமீட்டர். ஜப்பான் காலி செய்தது 20. அமெரிக்கா தன் குடிமக்களை 80 கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னது. கூடங்குளத்தைச் சுற்றி எந்தக் கணக்கு என்று கேட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப் புகையும். மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தபோது, போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயலவேண்டும் என்றும் சொன்னது. கேள்வி கேட்டது குற்றமில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

"போடியில் கடலும் இல்லை, அணு உலையும் இல்லை, நமக்கென்ன?" என்று சில தம்பி தங்கைகள் கேட்கிறார்கள். நம் மலையைப் பாருங்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. 70 பேர். தலைமுறைகளாக அங்கே உழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். பெரும்பாலோர் நம் மக்கள். செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆயிற்று. அதே வாரம் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், லயத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. இரண்டு சாவும் சாவுதான். விலை மட்டும் ஏன் பாதியாகிறது?

இன்னும் பக்கத்தில் வாருங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீ. மலையேற வந்த பிள்ளைகள் கருகினார்கள். நாடே அழுதது, நாமும் அழுதோம். ஊர்க்காரர்கள்தான் முதலில் மேலே ஓடினார்கள். ஹெலிகாப்டர் வந்தது, விசாரணை வந்தது. எல்லாம் சரி. அப்படித்தான் நடக்க வேண்டும். 2020 மார்ச் மாதம், கொரோனாவுக்காக எல்லையை அடைத்தார்கள், ஜீப் நின்றது. ஏலத்தோட்டத்திலிருந்து காட்டு வழியே இராசிங்காபுரத்துக்கு நடந்து வந்த கூலித் தொழிலாளிகள் தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. அந்தத் தீயை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போடியில் பிறந்து வளர்ந்த மாணவர் கூட்டத்தில் இதைக் கேட்டோம். மூன்று கை எழுந்தன.

மலைக்கு எல்லாரும் ஒன்றுதான். ஆனால் எல்லையை அடைக்கும்போது "அந்தப் பக்கம் கூலிக்குப் போனவர்கள் எப்படித் திரும்புவார்கள்?" என்று எவரும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு பட்டியல் இருந்திருக்க வேண்டும். நம் சேரிகளிலிருந்து விடியுமுன் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஜீப்பில் அடைந்து போகிறவர்களின் பெயர் தமிழ்நாட்டிலும் இல்லை, கேரளாவிலும் இல்லை. கங்காணியின் சிட்டை நோட்டில் மட்டும் இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் இதைக் கேட்டபோது, "காலைல போயி சாயங்காலம் வர்றவங்களுக்கு எதுக்குங்க பதிவு?" என்று சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நமக்குப் பட்டியல் சாதி என்று பெயர் வைத்த அரசிடம், நாம் உயிரோடு இருக்கிறோமா என்று பார்க்க ஒரு பட்டியல் இல்லை.

தோழர்களே, மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். வேலை இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு வந்தது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டும். அதே சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி, பாலினம், சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் மாவட்டத் திட்டத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் நான்கைத் தேடுங்கள்: உங்கள் காலனியின் பெயர் இருக்கிறதா? பட்டா இல்லாத வீடு கணக்கில் வருகிறதா? எல்லை தாண்டிக் கூலிக்குப் போகிறவர்களைத் தேடும் பொறுப்பு யாருக்கு? பேரிடருக்குப் பின் பிணமும் கழிவும் அள்ளுகிறவருக்குக் கையுறை, தடுப்பூசி, காப்பீடு எங்கே எழுதியிருக்கிறது?

இல்லையென்றால் அந்தப் பட்டியலை நாமே எழுதுவோம். ஐந்து மணி ஜீப் கிளம்பும் இடத்தில் ஒரு நோட்டோடு நில்லுங்கள். பெயர், ஊர், தோட்டம், வீட்டில் உள்ள ஒருவரின் போன் நம்பர். அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். ஒரு நகலை ஊராட்சியில் கொடுத்து, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள்.

அந்த அக்கா இப்போதும் மெட்டு ஏறுகிறார். யார் தேடுவார்கள் என்ற கேள்விக்கு அன்றைக்கு டீக்கடையில் எங்களிடம் பதில் இல்லை. நோட்டின் முதல் வரியில் அவர் பெயரை எழுதிவிட்டுத்தான் இதைப் பதிவிடுகிறோம்.