பந்து கொடுத்தீங்க, மண்ணு எங்கே?

பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்று அரசு ஆசைப்படுகிறது. நல்லது. 2006க்கும் 2011க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஊராட்சி ஒன்றுக்கு 20 லட்சம் என்று ஒதுக்கி நூலகம், குளம், சுடுகாட்டுப் பாதையோடு விளையாட்டுத் திடலையும் பட்டியலில் வைத்தார்கள். ஆட்சி மாறியது. 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம், 76.23 கோடி ரூபாய். ஆட்சி மறுபடி மாறியது. 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு, 86 கோடி ரூபாய், 33 வகைப் பொருள், 12,525 ஊராட்சி. அண்ணா பேரில் ஒன்று, அம்மா பேரில் ஒன்று, கலைஞர் பேரில் ஒன்று. பேர் வைக்கிறதில் ஒரு குறையும் இல்லை.

நான் கேட்பது ஒரே கேள்வி. அந்தத் திடல் எங்கே இருக்கு? ஊர்ப் பக்கமா, சேரிப் பக்கமா?

'ஊராட்சி' என்ற சொல்லிலேயே ஊர் இருக்கிறது, ஆட்சி இருக்கிறது. சேரி எங்கே இருக்கிறது என்று நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். ஊராட்சிக்கு ஒரு திடல் என்றால் ஊருக்கு ஒரு திடல். கோயில் மந்தையை ஒட்டி, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, ஊர்ப் பெரியவர் உட்கார்ந்திருக்கும் அரசமரத்துக்கு எதிரே. கபடிக் களத்துக்குக் கோடு போட்டாச்சு, வாலிபால் கம்பம் நட்டாச்சு, பலகையும் வெச்சாச்சு. பலகையில் 'பொது' என்றுதான் எழுதியிருக்கிறது. டீக்கடையும் பொதுதான். கோயிலும் பொதுதான். இந்த நாட்டில் 'பொது' என்ற சொல்லைப் போல நம்மை ஏமாற்றிய சொல் வேறு இல்லை.

மூட்டை பிரித்த கதையைக் கேளுங்கள். தொகுப்பில் வந்த மட்டை, பந்து, கேரம் பலகை எல்லாம் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டி இருக்கும். சாவி யாரிடம்? காலனிப் பையன் போய்க் கேட்டால், 'தலைவர் இல்லப்பா, நாளைக்கு வா' என்று பதில் வரும். நாளை மறுநாள் அதே பந்தை ஊர்ப் பசங்க மந்தையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இதைத் தீண்டாமை என்று எந்தக் காவல் நிலையத்திலும் எழுத மாட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லையே, சாவி இல்லை, அவ்வளவுதானே!

நம் பக்கம் என்ன இருக்கிறது? ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மூணு சென்ட் மனை. அப்பன் கட்டிய வீட்டுக்குப் பின்னால் மகன் ஒரு தடுப்பு, மகனுக்குப் பின்னால் பேரன் ஒரு தடுப்பு. காலனி போட்டபோது இருந்த காலி இடமெல்லாம் வீடாகிவிட்டது. ரியல் எஸ்டேட்காரன் 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப் பிரிவு போட்டால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். வியாபாரிக்கு விதி போட்ட அரசு, தானே போட்ட காலனிகளில் பிள்ளைகளுக்கு எத்தனை சென்ட் விட்டது? எங்க பசங்க எங்கே ஆடுறாங்க? சுடுகாட்டுப் பாதையில், ஏரிக்கரையில், அறுப்பு முடிந்த அடுத்தவன் வயலில். விதைப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது.

ஆகவே தோழர்களே, விளையாட்டு என்பது உடற்பயிற்சிப் பிரச்சினை அல்ல. அது நிலப் பிரச்சினை. 1892இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டு நம் மக்களுக்கு என்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எவன் எவன் பட்டாவிலோ கிடக்கிறது. அதைக் கேட்டதற்காக 1994இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமசையும் ஏழுமலையையும் சுட்டுக் கொன்றார்கள். உழ நிலம் கேட்டவனுக்குத் துப்பாக்கி, ஆட நிலம் கேட்கிற பிள்ளைக்கு ஒரு ரப்பர் பந்து. ஒரே அரசியலின் இரண்டு கைகள் இவை.

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்கிறது. சரி. ஆனால் இந்த ஊரில் உடம்பு என்பது ஒன்றல்ல. ஒரு உடம்பு வேலை செய்வதற்கு, இன்னொரு உடம்பு ஆடுவதற்கு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் உடம்பு மூட்டை தூக்கினால், சாக்கடையில் இறங்கினால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதே உடம்பு சும்மா, சந்தோஷத்துக்காக, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் நடுவில் ஓடினால் அவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

காரணம் இருக்கிறது. விளையாட்டு என்றால் தொடுதல். கபடியில் தொடாமல் ஆட முடியுமா? ஊரில் நாம் தொட்டால் தீட்டு, ஆட்டத்தில் நாம் தொட்டால் அவன் அவுட். அவனைக் காலைப் பிடித்து மண்ணில் இழுத்துப் போடலாம், நடுவர் நமக்குப் புள்ளி கொடுப்பார். சாதியின் சட்டம் செல்லாமல் போகிற அந்தச் சின்ன செவ்வகத்தைச் சாதி எப்படிப் பொறுக்கும்? 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வு எழுதப் பேருந்தில் போன நம் பிள்ளை ஒருவனை இறக்கி, வெட்டி, விரல்களைத் துண்டித்தார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று குடும்பம் சொன்னது.

நூறு வருஷத்துக்கு முந்தைய கதையும் இதுதான். பூனாவில் மைதானம் பராமரிக்கும் கூலியாகச் சேர்ந்த பல்வங்கர் பாலு பெரிய பந்துவீச்சாளர் ஆனார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். விக்கெட் வேண்டும் என்று அவரை அணியில் சேர்த்த மேல்சாதிக்காரர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனிக் குவளையில் ஊற்றினார்கள். கடைசிவரை இந்து அணிக்கு அவரைத் தலைவராக்கவில்லை. மண்ணைச் சமன் செய்ய நம் கை, பந்து போட நம் கை, தலைமைக்கு மட்டும் வேறு கை.

கை என்றதும் இன்னொரு விஷயம். நான் வங்கியில் எழுத்தர். ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவருக்குக் கிடையாது, வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். இதன் பொருள் சட்டப் புத்தகத்தில் புரியாது, கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் புரியும். நம் பெண்மணி ஒருவர் தலைவராக இருந்த ஊராட்சி. சேரிப் பக்கத்து மேட்டைச் சமன் செய்து பிள்ளைகளுக்கு இடம் ஆக்கினார். இயந்திர வாடகைக்கான காசோலை ஒரே கையெழுத்தோடு வந்தது. திரும்பப் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. 'அவரு போட மாட்டேங்கறாரு சார்' என்று அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். ஊர்ப் பக்கத்துத் திடலுக்கான காசோலைகளில் இரண்டு கையெழுத்தும் அழகாக இருந்தன. வெட்டரிவாள் எதற்கு? ஒரு பேனாவைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

ஆனால் அரிவாளும் உண்டு. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் நாற்காலியில் நம்மை உட்கார விடவில்லை. 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. உள்ளாட்சி என்றால் யாருடைய உள், யாருடைய ஆட்சி?

நகரத்துக்கு வந்தால் சாதி கரைந்துவிடும் என்பார்கள். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாநகரில் சாலையை மறித்து, பாட்டுப் போட்டு, பிள்ளைகளை ஆட விடுகிறார்கள். பேர் 'ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்'. காவல்துறையே காவல். வியாசர்பாடிப் பையன் தெருவில் பந்து அடித்தால் அதே காவல்துறை என்ன பேர் வைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 ஜூலை கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. எதிர்த்தவர்களுக்கு நன்றி. ஆனால் பூட்டு என்ன விலையில் வரும் என்பதைப் பார்த்துவிட்டோம். ஊரில் சாவி, நகரத்தில் டிக்கெட்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அரசு 25 லட்சம் கொடுத்தது. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். ஆனால் கண்ணகி நகர் எது? 2000இலிருந்து சென்னையின் குடிசைகளிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட நம் சனத்தின் அடுக்குப் பெட்டிகள். ஜெயித்த பிறகு பணம் கொடுப்பதற்குப் பேர் பரிசு. ஜெயிக்காத பிள்ளைக்கும் ஆட மண் கொடுப்பதற்குத்தான் பேர் கொள்கை.

நம் ஆம்பளைகளுக்கும் ஒரு வார்த்தை. காலனியில் கொஞ்சம் இடம் கிடைத்தால் அதில் விடலைப் பசங்க கிரிக்கெட் மட்டும்தான். நம்ம பொண்ணுங்க தண்ணிக்குடத்தோடு ஓரமாகப் போக வேண்டும். ஊர் நம்மை நிறுத்திய இடத்தில் நாம் அவளை நிறுத்துகிறோம். இதையும் சேர்த்துப் பேசாத விடுதலை எனக்கு வேண்டாம்.

'முதல்ல படிப்பு, வேலை, அப்புறம் ஆட்டம்' என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அப்புறம் என்பது எப்போது? பத்து வயது ஒரு தடவைதான் வரும். 'விளையாட்டில் சாதியைக் கொண்டு வராதீங்க' என்று ஊர்க்காரர் சொல்கிறார். ஐயா, நாங்க கொண்டு வரலை. மந்தையில் அது முதல்லயே உட்கார்ந்திருக்கு.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். உங்கள் ஊராட்சியின் திடல் எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, காலனியிலிருந்து எத்தனை தூரம், 33 வகைப் பொருளின் சாவி யார் பொறுப்பில் என்று கேளுங்கள். பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் இருக்கிறது. சேரிப் பக்கம் புறம்போக்கில் திடல், பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நேரம், சாவி காலனியில், கட்டணம் கிடையாது என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததை எழுதச் சொல்லுங்கள். பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பிரிவை மைதானத்துக்கும் கொண்டுபோவோம்.

அதோடு, ஊர்த் திடலுக்கும் போவோம். தனித் திடல் கேட்பதால் பொதுத் திடலை அவர்களுக்கு எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடாது. இரண்டும் நமக்கு வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பந்தோடு, பகலில் போவோம்.