ஸ்டேஷனுக்குப் பக்கம்தான்

சென்னையில் ஹாஸ்டல் நடத்துகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் வேகமாக நடக்கிறவர்கள் போலிருக்கிறது. எங்கே கேட்டாலும் "ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷம்தான் மேடம்" என்கிறார்கள். அந்த ஐந்து நிமிடம் காலை பத்து மணிக்கு ஒரு நீளம், இரவு பத்து மணிக்கு வேறொரு நீளம். அதனால் ஊரிலிருந்து யார் இடம் தேடித் தரச் சொன்னாலும், வேலை முடிந்து திரும்பும் நேரத்துக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பகலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

இந்தத் தடவை கேட்டது என் தங்கை. திருநெல்வேலியில் இருக்கிறாள். மகளுக்குத் தரமணி டைடல் பார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது. "செலவும் கூடிரக் கூடாதுக்கா, பயமில்லாமலும் இருக்கணும்" என்றாள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் நானே குடியேறிவிடுவேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவள் மகளோ ஏற்கெனவே ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். சோழிங்கநல்லூர் பக்கம், மூணு பேர் ஷேரிங், சாப்பாட்டோடு. மற்ற இடங்களைவிட மாதம் இரண்டாயிரம் குறைவு. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் இன்றைக்கு ரயில் கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கும்வரை பஸ், ஷேர் ஆட்டோ, இரண்டும் தவறினால் தனி ஆட்டோ. மழை, தாமதம், அலுப்பு என்று ஏதாவது ஒரு காரணத்தால் தினம் நூறு ரூபாய் ஆட்டோவுக்குக் கொடுத்தால், இருபதாவது நாள் அந்த இரண்டாயிரம் போய்ச் சேர்ந்திருக்கும். வாடகையை மட்டும் பார்த்து இடம் பிடிக்கிறவர்கள் இந்தக் கணக்கை மாசக் கடைசியில்தான் போடுகிறார்கள்.

பெண்களுக்கு மாநகரின் சாதாரணக் கட்டணப் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. மெட்ரோவில் குறைந்தது பத்து ரூபாய், அதிகபட்சம் ஐம்பது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஐந்து ரூபாயிலிருந்தே தொடங்குகிறது, சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மலிவு. ஆகவே ஸ்டேஷன் பக்கத்தில் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து இருப்பது ஊதாரித்தனம் இல்லை என்று தங்கைக்குப் புரிய வைத்தேன். அவள் வீட்டுக்காரருக்குப் புரிய வைக்க இன்னும் இரண்டு போன் தேவைப்பட்டது.

டைடல் பார்க்குக்குப் பக்கத்திலேயே திருவான்மியூர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கி, 1997-இல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-இல் வேளச்சேரி போய்ச் சேர்ந்த ரயில் அது. சாலை நெரிசலுக்கு மேலே பறந்து போகலாம். நான் அந்த ரயிலின் அபிமானி. ஆனால் அதன் ஸ்டேஷன்களுக்கு அபிமானி இல்லை. ஒவ்வொன்றும் பத்திரிகை அடிக்க மறந்துபோன கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று மாடி மாடியாகக் கட்டினார்கள், பெரும்பகுதி காலியாகவே கிடக்கிறது. இரவில் ரயிலிலிருந்து இறங்கும் நான்கைந்து பேர் ஆளுக்கொரு படிக்கட்டாகப் பிரிந்துவிட்டால், கீழே வந்து சேரும்போது நாம் மட்டும்தான்.

அதனால்தான் ஸ்டேஷன் பக்கம் என்பதோடு நான் விட்டுவிடுவதில்லை. இறங்கிய பிறகு என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெருவின் நெரிசல் எரிச்சல்தான், ஆனால் அங்கே யாரும் தனியாக நடக்க முடியாது. மயிலாப்பூரில் பூக்கடை, மருந்துக்கடை, இட்லிக்கடை எல்லாம் திறந்திருக்கும். வேளச்சேரியில் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து ஊரே மாறும். ஹாஸ்டல் வாசலில் நான்கு சிசிடிவி இருக்கிறது என்பார்கள். அது நடந்ததை மறுநாள் காட்டும். இரவு பதினொரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும் மளிகைக்கடை அண்ணாச்சி ஏதாவது நடப்பதற்கு முன்னால் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். எனக்கு அண்ணாச்சி முக்கியம்.

இன்னொரு விஷயம், ஒரே வண்டியை நம்பிக் குடி போகக் கூடாது. நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்டில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் கடைசியில். அதுவரைக்கும் கடற்கரையில் மாறி வந்தவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். கோயம்பேடு கதை இன்னும் பெரியது. 2002-லிருந்து ஊருக்குப் போக பஸ் அங்கேதான் என்று நம்பி அரும்பாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் அறை எடுத்தவர்கள் எத்தனையோ பேர். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது. தென்மாவட்டத்து பஸ்கள் வண்டலூருக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறப் போவதே ஒரு பயணமாகிவிட்டது. எங்கள் பிள்ளைக்கு அந்தக் கவலை குறைவு. திருநெல்வேலி ரயில்கள் எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் வந்துவிடும்.

வழி சரி, இனி விடுதிக்கு வருவோம். பெண்கள் விடுதிகளுக்கென்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கித்தான் நடத்த வேண்டும். 2018 டிசம்பரில் ஆதம்பாக்கத்தில் ஒரு விடுதியில் ரகசியக் கேமராக்கள் பிடிபட்ட பிறகுதான் பதிவு செய்யச் சொல்லிக் கெடு வைத்தார்கள். இன்றைக்கும் "லைசென்ஸைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை மகளே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மேடத்துக்கு மாறிவிடுவார். நான் கேட்டேன். ஒரு இடத்தில் ஓனர் ஊரில் இல்லை என்றார்கள். இன்னொன்றில் ஒரு அம்மா ஃபிரேம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸ் தாளைக் கழற்றியே கையில் கொடுத்தார். அந்த இடத்தில் வாடகை கூடத்தான், ஆனால் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

அரசின் 'தோழி' விடுதிகள் நல்ல முயற்சி. தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று எலெக்ட்ரிக் ட்ரெயின் பாதையிலேயே அமைத்திருக்கிறார்கள், அடையாறிலும் உண்டு. ஆனால் வேலைக்கு வருகிற பெண்களின் எண்ணிக்கைக்கு முன்னால் அவை எந்த மூலைக்கு? திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்பிள்ளைகள் கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, வேலை தேடி, ஆளாகிப் போயிருக்கிறார்கள். எல்லாம் நடந்து போகிற தூரத்தில். பெண்களுக்கு அப்படி ஒரு பேட்டை இந்த ஊரில் உருவாகவே இல்லை. இன்டர்வியூவுக்காக ஒரு ராத்திரி எழும்பூரில் அறை கேட்டால்கூட, சில லாட்ஜ்களில் ஆதார் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் "கூட யார் வர்றாங்க?" என்றுதான் கேட்கிறார்கள். ரயில்வே ஓய்வறையில் அந்தக் கேள்வி இல்லை. டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் முன்பதிவு செய்யலாம். ஆனால் இடம் காலியாக இருக்கும் நாள் வாய்க்க வேண்டும்.

கடைசியில் மயிலாப்பூரில், தாளைக் கழற்றிக் கொடுத்த அந்த அம்மாவிடமே முடித்தோம். அங்குள்ள திருமயிலை ஸ்டேஷனில் ஏறினால் ஆறாவது ஸ்டேஷன் திருவான்மியூர். ரயில் நின்றால் பஸ் இருக்கிறது. அட்வான்ஸ் இரண்டு மாசம், ராத்திரி பத்தரைக்குக் கேட், தாமதமானால் போன் பண்ணினால் போதும்.

சாமான் இறக்கிவைத்துவிட்டு ஸ்டேஷன் வழியாகத் திரும்பும்போது பிள்ளையிடம் என் நெடுநாள் யோசனையைச் சொன்னேன். இத்தனை மாடி சும்மா கிடக்கிறதே, இதிலேயே பெண்களுக்கு ஹாஸ்டல் கட்டிவிட்டால் என்ன? நடக்கிற தூரமும் மிச்சம், ஸ்டேஷனிலும் ஆள் நடமாட்டம் வரும்.

"ட்ரெயின் சத்தத்துல எப்படித் தூங்குறது பெரியம்மா?" என்றாள்.

"ராத்திரி முழுக்கவா ட்ரெயின் ஓடுது?" என்றேன்.

"அப்ப அதையும் ஓட விடச் சொல்லி எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.