ஊருக்குப் போகும்முன் பேட்டரியையும் கவனியுங்கள்

பொங்கலுக்கோ ஆடிக் கிருத்திகைக்கோ பதினைந்து நாள் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் நம்மவர்களில் பலர், முதல் நாள் காலையில் வண்டியோடு மல்லுக்கட்டுவதைத் திருப்பதியிலும் சித்தூரிலும் காணலாம். பொத்தானை அழுத்தினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். ஷிப்ட் நேரம் நெருங்குகிறது. தெருமுனை மெக்கானிக் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேட்டரி போயிந்தி" என்கிறார். ஆயிரத்துக்கும் மேலே செலவு. அன்று அரை நாள் சம்பளமும் போயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமர ராஜா நிறுவனம் 1985-இல் தொடங்கப்பட்டு, திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் பேட்டரி செய்து, இன்று நாடெங்கும் அனுப்புகிறது. இரு சக்கர வண்டிகளுக்கான பேட்டரி சித்தூர்ப் பக்கத்திலேயே தயாராகிறது. பேட்டரி ஊரில் இருந்துகொண்டு, பேட்டரியைக் காப்பாற்றத் தெரியாமல் நாம் காசை விடுகிறோம்.

முன்பெல்லாம் இது பெரிய விஷயமில்லை. பேட்டரி செத்தாலும் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது வண்டிகளில் பெட்ரோலைப் பீய்ச்சுவதே மின்னணுக் கருவிதான். அதற்குப் பேட்டரி வேண்டும். பல வண்டிகளில் உதைக்கும் கோலையே எடுத்துவிட்டார்கள். 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் முன்விளக்கும் பகலிலேயே எரிகிறது. அறையிலிருந்து தொழிற்சாலைக்கு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு, கிளப்பும்போது இழந்த மின்சாரம் திரும்பக் கிடைப்பதே அரிது.

நிற்கும் வண்டியும் மின்சாரம் தின்னும் என்பதைப் பலர் நம்புவதில்லை. கடிகாரம், அலாரம் முதலியவை சாவியை எடுத்த பின்னும் சிறிது இழுக்கின்றன. 2 மில்லி ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் 1.44 ஆம்பியர்-மணி ஆகிறது. சிறிய வண்டியின் பேட்டரியோ 4 ஆம்பியர்-மணி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. தானாகக் குறைவது இதற்கு மேல் தனி. வெயில் ஏற ஏற அது விரைவாகும். ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்பது கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

குறைந்த நிலையிலேயே பேட்டரி கிடந்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிகிறது. முதலில் அது சார்ஜ் செய்தால் கரையும். வாரக்கணக்கில் விட்டால் கரைவதில்லை. பேட்டரியின் ஆயுளைத் தின்பது இதுதான். முழு நிறைவில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டவேண்டும். 12.4-க்குக் கீழே நாட்கணக்கில் விடலாகாது. சாதாரண வோல்ட் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும்.

இதற்குத்தான் 'மெயின்டனன்ஸ் சார்ஜர்' என்று ஒன்று வந்திருக்கிறது. சாதாரண சார்ஜர் நிறைந்த பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நீர் வற்றி பேட்டரி கெட்டுவிடும். இதுவோ 14.4 வோல்ட் அளவில் நிறைத்துவிட்டு, பிறகு 13.5-இலிருந்து 13.8 வோல்ட்டுக்குள் இறங்கி, குறைவதை மட்டும் ஈடுசெய்கிறது. கோடையில் அறை 40 டிகிரியைத் தொட்டால் அந்த அளவும் கால் வோல்ட் போலக் குறையவேண்டும். வெப்பத்துக்கு ஏற்ப மாறும் சார்ஜரை வாங்குவதே புத்திசாலித்தனம். கார் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள் உண்டு. 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியருக்குள் போதும். 5 ஆம்பியர் ஏற்றினால் வெந்துவிடும். லித்தியம் பேட்டரி வைத்திருப்போர் இந்தப் பக்கமே வரவேண்டாம். அதற்குச் சார்ஜரே வேறு.

ஆனால் விளம்பரக்காரர்கள் சொல்வதுபோல் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு அது வீண் செலவு. இரண்டு வார விடுப்புக்கு, மைனஸ் கம்பியைக் கழற்றிவைத்துவிட்டுப் போனாலே போதும், காலணா செலவில்லை. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கும், மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கும்தான் சார்ஜர் உண்மையில் பயன்படும். செத்த பேட்டரியை அது உயிர்ப்பிக்காது. "தினம் இரண்டு நிமிடம் ஓடவிடு" என்று நண்பனிடம் சாவி கொடுத்துப் போவதும் பயனற்றது. கிளப்பச் செலவானது இரண்டு நிமிடத்தில் திரும்பாது.

ஒரே மாடியில் ஆறு பேர் குடியிருந்தால் ஆறு பேரும் சேர்ந்து ஒரு சார்ஜர் வாங்கினால் ஆளுக்குச் சொற்பமே வரும். சிறிய பேட்டரி இரண்டு கிலோவுக்குச் சற்றே முன்பின்; கழற்றி மாடிக்கே கொண்டுபோகலாம். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரக்கூடும். மீட்டர் ஓடுமே என்று வீட்டுக்காரர் முகம் சுளித்தால் கணக்கைக் காட்டுங்கள்: 5 வாட் இழுக்கும் சார்ஜர் பத்து நாள் இரவு பகல் ஓடினாலும் 1.2 யூனிட்தான். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மோட்டார் போடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்!

தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. வண்டி நிறுத்தும் கொட்டகைக்குத் தகரக் கூரை போட்டுவிட்டால் கடமை முடிந்ததா? எட்டு மணி நேரம் அந்தத் தகரத்தின் கீழ் வேகிற பேட்டரிக்கு எந்தச் சார்ஜரும் கைகொடுக்காது. கொஞ்சம் உயரமான கூரை, நாலு மரம், ஓரத்தில் இரண்டு பிளக் பாயின்ட், இவ்வளவுதான் கேட்கிறோம். ரேணிகுண்டா முதல் சித்தூர் வரை இத்தனை ஆலைகள் இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் போனஸ் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கடைசியாக, நிஜமாகவே செத்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயம் உருக்குகிறவர் கைக்கு அது போகும். அந்தப் புகை அங்கே விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும். 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லிப் பில் வாங்கிக்கொள்ளுங்கள்.