வேலை தேடலுக்கு ஒரு பேரேடு

சென்னை மேற்கு மாம்பலத்தில் ஓர் இல்லம். பணி ஓய்வு பெற்ற தந்தை, தாய், 42 வயது மகன், மருமகள், பள்ளி செல்லும் பேத்தி என ஐவர். பதினாறு ஆண்டுகள் உழைத்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தபோது மகன் வேலையை இழந்தார். சம்பளம் நின்றது ஒரு துயரம். காலை எட்டரை மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு புறப்படும் வழக்கம் நின்றது மற்றொரு துயரம். எழும் நேரமும் உண்ணும் நேரமும் தவறின. நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியில் கண்ட விளம்பரங்களுக்கெல்லாம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகலில் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. எந்தப் பணிக்கு விண்ணப்பித்தோம், எவ்வளவு ஊதியம் கேட்டோம் என்பது மகனுக்கு நினைவில்லை. தடுமாறினார். இரண்டே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

கூடத்தில் அமர்ந்திருந்த தந்தை ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் ஒரு நீள நோட்டு வாங்கி வந்தார். ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கட்டங்கள் பிரித்தார். விண்ணப்பித்த நாள், நிறுவனமும் பணியும், செய்தி கிடைத்த வழி, பேசியவர் பெயரும் எண்ணும், மீண்டும் விசாரிக்க வேண்டிய நாள், முடிவு.

“நாற்பது இடத்து விவரத்தை மனசில் சுமக்காதேப்பா. தாளில் இறக்கி வை” என்று மட்டும் சொன்னார்.

மருமகள் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். பட்டச் சான்றிதழ், பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாத ஊதியச் சீட்டுகள், படிவம் 16 ஆகியவற்றின் மூலங்கள் ஒரு பக்கம், நகல்கள் மறுபக்கம். வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்க எண்ணை முதல் தாளில் எழுதி வைத்தார். எத்தனை நிறுவனம் மாறினாலும் ஊழியருக்கு அந்த எண் ஒன்றே. புதிய இடத்திலும் அதையே தர வேண்டும். நிதியாண்டின் நடுவில் வேலை மாறுவோர் பழைய இடத்து ஊதிய விவரத்தையும் தர வேண்டும். தராவிடில் வரிப்பிடித்தம் குறைந்து, கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.

பெரியோர் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. அலுவலகம் எடுத்துத் தந்த குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணியோடு முடிந்துவிடும். அதில் பெற்றோரும் சேர்ந்திருந்தால் அவர்களின் பாதுகாப்பும் முடிந்தது. அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று விலகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நாளுக்கும் ஓர் ஒழுங்கு வந்தது. காலை பத்து முதல் ஒரு மணி வரை விண்ணப்பங்கள். பிற்பகலில் பழைய சகாக்களுடன் தொலைபேசிப் பேச்சு. மாலையில் பேத்தியின் பாடம். “ஏதாவது கிடைத்ததா?” என்று தாய் தினமும் கேட்பது நின்றது. சனிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின் மகனே நோட்டைப் பிரித்து அந்த வாரத்துச் செய்தியைச் சொல்வார்.

மூன்றாம் வாரம் ஓர் அழைப்பு. “தேர்வாகிவிட்டீர்கள். இன்று மாலைக்குள் 18,500 ரூபாய் கட்டினால் நியமன ஆணை வரும். பணம் பிறகு திருப்பித் தரப்படும்.” தாய் கைவளையலைக் கழற்றவே தொடங்கிவிட்டார். மகன் நோட்டைப் புரட்டினார். அந்தப் பெயரில் விண்ணப்பமே இல்லை. விண்ணப்பிக்காத இடத்தில் தேர்வாவது எப்படி? அழைப்பைத் துண்டித்தார். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. ஏமாந்து பணம் செலுத்திவிட்டாலும் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

பத்தாம் வாரம், ஐந்தாம் கட்டத்தில் குறித்திருந்த நாளில், பதிலே தராத ஒரு நிறுவனத்தை மகன் அழைத்து விசாரித்தார். தேர்வு தள்ளிப்போயிருந்ததாகவும் மறுவாரம் நேரில் வரலாம் என்றும் சொன்னார்கள். அந்த இடமே அமைந்தது. ஊதியம் முன்பைவிடச் சற்றுக் குறைவுதான். ஆறாம் கட்டத்தில் “சேர்ந்தேன்” என்று எழுதி, நோட்டைத் தந்தையிடம் கொடுத்தார்.

பிள்ளைக்கு வேலை வாங்கித் தருவது முதிய பெற்றோரால் ஆகாத காரியம். ஆனால் ஒரு நோட்டுக்குக் கோடு போட்டுத் தரலாம். தினமும் கேட்க எழும் கேள்வியைச் சனிக்கிழமை வரை அடக்கி வைக்கலாம். இரண்டும் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியவை.